ஆறாவது நிமிடம்: கமீனோவில் நடந்துகொண்டே ஸ்பானிஷ் பழகியது

கமீனோ என்கிற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடந்தால் ஸ்பானிஷ் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரெஞ்சு எல்லைப் பக்கத்துச் சென் ஜான் பியே தெ போரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தில் முடியும் அதன் பிரெஞ்சுப் பாதை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் ஆங்கிலம் மட்டுமே பேசி நடந்து முடிக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஒரு கொரியாக்காரர், ஒரு ஜெர்மன்காரர், ஒரு அமெரிக்கர், ஒரு பிரேசில்காரர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேறு என்ன பேசுவார்கள்? எல்லாப் பாதைகளையும் சேர்த்து 2024-இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கினார்கள். அதில் ஸ்பெயின்காரர்கள் பாதிக்கும் குறைவு. அந்தக் குறைவிலும் பலர் சாரியாவில் தொடங்கிக் கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மட்டும் நடப்பவர்கள். ஆக, முதல் பாதி தூரத்தில் ஸ்பானிஷ் பேசுகிற யாத்ரீகரை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் எதற்காக அங்கே போய்ப் பழக வேண்டும்? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். ஒரே உரையாடலைத் தினமும் புதுப்புது ஆட்களோடு, யாருக்கும் சலிப்பில்லாமல் பேசுவதற்கு இதைவிட வாகான இடம் கிடையாது. எந்த நாடு, எங்கே தொடங்கினாய், இன்று எங்கிருந்து வருகிறாய், ராத்திரி எங்கே தங்கப் போகிறாய், கால் எப்படி இருக்கிறது. காலையில் முதல் ஆளிடம் இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்வோம். பதினோரு மணிக்கு மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது வாக்கியம் வழுக்கிக்கொண்டு வரும். மோசமான முதல் பதிப்பைக் கேட்டவர் அதற்குள் மூன்று கிலோமீட்டர் முன்னால் போயிருப்பார்.

நடந்துகொண்டே பேசுவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம். ஏற்றத்தில் ஒரு சொல்லைத் தேடி அரை நிமிடம் நிறுத்தினால், பக்கத்தில் வருபவர் நமக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். அந்த அரை நிமிடத்தில் சொல் கிடைத்துவிடும்.

நான் நாகர்கோவில்காரி. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, மாலை நேர ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து ஸ்பானிஷ் படித்தேன். வகுப்புக் கணக்கில் ஏ2 நிலை. அதாவது கடைக்குப் போய்ச் சாமான் வாங்கலாம், சண்டை போட முடியாது. அந்த அளவில் போகிற ஒருவருக்கு என்னென்ன பயன்பட்டது, எது வெறும் வீண் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போகிறவருக்கு இது உதவாது. அவர்கள் முதலில் எண்களையும், நேரம் சொல்வதையும், ஒரு இருநூறு வினைச்சொற்களையும் வீட்டிலேயே படித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

முதல் விஷயம், ஆங்கிலத்தைத் தள்ளி வையுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறோம். பாடப்புத்தகம் ஆங்கிலம், செயலி ஆங்கிலம். அதனால் வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் கட்டி, அப்புறம் ஸ்பானிஷுக்கு இழுத்துக்கொண்டு வருகிறோம். தேவையே இல்லை. "மே துவெலே லா ரொதீயா" என்றால் "எனக்கு முழங்கால் வலிக்கிறது." "மே குஸ்தா" என்றால் "எனக்குப் பிடிக்கும்." இந்த 'எனக்கு' அமைப்பு ஆங்கிலம் வழியாக வருகிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. நமக்கு அது வீட்டுச் சமாச்சாரம். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்' சொல்ல வேண்டியதில்லை என்பதும் அப்படித்தான். 'நடந்தேன்' என்றால் போதும், அங்கேயும் போதும். நேராகத் தமிழிலிருந்து யோசிக்கத் தொடங்கியதும் என் வாக்கியங்கள் குட்டையாகவும் சரியாகவும் ஆகிவிட்டன.

உச்சரிப்பிலும் நமக்கு முன்கூட்டியே சில மதிப்பெண்கள் போட்டுவிடுகிறார்கள். உயிரெழுத்து ஐந்தும் சுத்தமாக வரும். ஞகரம் பிறந்ததிலிருந்து இருக்கிறது. ப, த, க மூன்றையும் காற்று ஊதாமல் சொல்வதும் நம் பழக்கம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் 'அரை'யும் 'அறை'யும் வேறு வேறாகக் கேட்கும், அந்த ர-ற வித்தியாசத்தை வைத்து 'பெரோ' (ஆனால்), 'பெறோ' (நாய்) இரண்டையும் பிரித்துவிட்டேன். கஷ்டம் எங்கே என்றால், ஸ்பெயினில் 'இசட்' எழுத்தையும் 'ஈ', 'ஐ' முன்னால் வரும் 'சி' எழுத்தையும் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டிச் சொல்கிறார்கள். அது பழக நாளாகும். சொல்லாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தென் அமெரிக்காவில் யாரும் சொல்வதில்லை.

வகுப்பில் எனக்கு ஒட்டவே ஒட்டாத ஒரு பாடம் பாதையில் தானாகத் தீர்ந்தது. ஸ்பெயினில் இன்று நடந்ததற்கு ஒரு கடந்தகாலம், நேற்று நடந்ததற்கு இன்னொன்று. "ஓய் எ சலீதோ தே நாஹெரா" என்றால் இன்று நாஹெராவிலிருந்து கிளம்பியிருக்கிறேன். "அயெர் சலீ தே லொக்ரோஞோ" என்றால் நேற்று லொக்ரோஞோவிலிருந்து கிளம்பினேன். கமீனோவில் இன்றைக்கு ஒரு ஊர், நேற்றைக்கு ஒரு ஊர். இரண்டும் கலக்க வழியே இல்லை. தினமும் ஊர்ப்பெயர் மட்டும் மாறும், வாக்கியம் அப்படியே இருக்கும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அல்பெர்கே என்று சொல்லப்படும் யாத்ரீகர் விடுதி ஒவ்வொன்றிலும் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர், முருகேசன். ஸ்பானிஷில் 'ஜி' எழுத்துக்குப் பின்னால் 'ஈ' வந்தால் அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. ஆகவே ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒரு விடுதியில் என் அப்பாவை "முருஹேசான்!" என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். அங்கே எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பாவின் முதலாவதும் அம்மாவின் முதலாவதும். கல்யாணமானாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. அவர்களிடம் போய், எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, ஒரு இனிஷியல்தான், இது என் அப்பா பெயர், என் மகனின் கடவுச்சீட்டில் என் கணவர் பெயர் இருக்கும், ஒரே வீட்டில் ஆளுக்கொரு 'குடும்பப் பெயர்' என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் திட்டமிட்டுத் தயாரித்த கதை இல்லை அது. ஆனால் நாலைந்து விடுதிகளில் சொன்ன பிறகு, எனக்கு மிக நன்றாக வரும் ஸ்பானிஷ் அதுதான் என்று தெரிந்தது.

அதிலிருந்து ஒரு பாடம். உங்களைப் பற்றி மூன்று கதைகளைக் கையில் வைத்திருங்கள். ஒன்று பெயர். இன்னொன்று ஊர். கமீனோ முடிந்த பிறகும் சிலர் சாந்தியாகோவிலிருந்து மேற்கே இன்னும் 90 கிலோமீட்டர் போல நடந்து, நிலம் முடியும் ஃபினிஸ்தெர்ரே முனைக்குப் போவார்கள். எங்கள் ஊர் இந்தியாவின் ஃபினிஸ்தெர்ரே, அங்கே மூன்று கடல் என்று சொன்னால் கன்னியாகுமரியை விளக்க வேறு ஒன்றும் தேவைப்படாது. மூன்றாவது மொழி. இந்தியர் என்பதற்கே 'இந்தூ' என்று சொல்கிற வழக்கம் அங்கே பரவலாக உண்டு, அவர்கள் கேட்பது மதத்தை அல்ல. "நீங்கள் பேசுவது இந்தியோவா?" என்று கேட்பார்கள். தமிழ் என்று ஒன்று இருக்கிறது, இத்தனை கோடிப் பேர் பேசுகிறோம், எழுத்து இப்படி இருக்கும் என்று அவர்கள் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பேச்சு அரை மணி நேரம் நீளும்.

தொலைபேசியில் படுக்கை பதிவு செய்வது தனிப் பயிற்சி. நகராட்சி விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். தனியார் விடுதிகளுக்குச் செய்தி அனுப்பியே பதிவு செய்துவிடலாம், ஆனால் நான் வேண்டுமென்றே கூப்பிடுவேன். முகம் தெரியாது, கை ஆட்ட முடியாது, எதிர்முனையில் காபி இயந்திரம் சீறிக்கொண்டிருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது என்னவோ நாலே கேள்வி. யார் பெயரில், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள், சாப்பாடு வேண்டுமா. ஒருமுறை நான் பெயரை எழுத்து எழுத்தாக, "எமே தே மத்ரித், உ தே உருகுவாய், எர்ரே தே ரோமா" என்று அவர்கள் பாணியிலேயே அடுக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது எழுத்தில் அந்த அம்மா, "பாலே, பாலே, இந்தியா என்று எழுதிக்கொள்கிறேன்" என்று முடித்துவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பதிவேட்டில், 'இந்தியா, 1, சாப்பாடு உண்டு'.

அடுத்தது, எங்கே தங்குவது என்பது. பயணக் கையேடுகள் பாதையை ஒரு நாள் அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கின்றன. எல்லோரும் அதே ஊர்களில் இறங்குகிறார்கள், ஆங்கிலமும் அங்கேயே இறங்குகிறது. அந்த ஊர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ தங்குங்கள். முதல் வாரத்திலேயே உருவாகிவிடும் ஆங்கிலம் பேசும் நட்புக் கூட்டத்திலிருந்து இதனால் பிரிய வேண்டியிருக்கும். மனசு கொஞ்சம் சங்கடப்படும்தான். ஆனால் இந்த ஒரு முடிவுக்குச் சமமாக வேறெதுவும் எனக்கு ஸ்பானிஷ் சொல்லித் தரவில்லை.

சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா அப்படி ஒரு கையேட்டு ஊர். பேராலயத்துக்குள் கூண்டு வைத்து உயிருள்ள சேவலும் கோழியும் வளர்க்கிறார்களே, அந்த ஊர்தான். பார்த்துவிட்டு ஏழு கிலோமீட்டர் போல நடந்தால் கிரஞோன் என்ற சின்ன ஊர் வரும். அங்கே புனித யோவான் தேவாலயத்தோடு ஒட்டிய விடுதியில் தரையில் பாய்மெத்தை, கட்டணம் இல்லை. திறந்த பெட்டி ஒன்று இருக்கும், முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள் என்ற வாசகத்தோடு. ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து சமைக்க வேண்டும்.

சமையலறைதான் விஷயம். விடுதியைக் கவனிக்கும் தொண்டர்களை ஒஸ்பிதலேரோ என்பார்கள். நான் போன அன்று பொறுப்பில் இருந்தவர் வயதான ஒரு அம்மா. என் கையில் ஒரு கை நிறையப் பூண்டும் ஒரு கத்தியும் கொடுத்து "பேலா" என்றார். உரித்தேன். "கோர்த்தா." நறுக்கினேன். "மாஸ் ஃபீனோ." இன்னும் பொடியாக. "மாஸ் ஃபீனோ, முஹேர், மாஸ்... அசீ, அசீ." இப்படித்தான், இப்படித்தான். அப்புறம் எண்ணெய் விடு, கிளறு, தள்ளி நில் சுடும், உப்பு பார், மூடி வை. ஏவல் வினையை வகுப்பில் அட்டவணையாகப் படித்திருந்தேன். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் ஒரு வேலை இருந்தது. அடுப்பின் முன்னால் கேட்ட சொல் எதையும் நான் மறுபடி அகராதியில் பார்க்க நேர்ந்ததில்லை.

அவரிடம் நான் 'உஸ்தெத்' போட்டுத்தான் பேசினேன். நமக்கு அம்மா வயதுள்ளவரை 'தூ' என்று நீ போட்டுப் பேச வாய் வருமா? அவர் கரண்டியை வைத்துவிட்டு, "அந்த உஸ்தெத்தை எல்லாம் பாங்குக்காரர்களிடம் வைத்துக்கொள்" என்றார். நான் பாங்குக்காரிதான் என்று சொன்னேன். அன்று சாப்பாடு முடியும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாதையில் நடக்கிறவர்களுக்குள் வயது வித்தியாசம் இல்லாமல் 'தூ'தான். ஊர்ப் பெரியவர்களிடம் 'உஸ்தெத்'தில் தொடங்கலாம், வேண்டாம் என்றால் அவர்களே சொல்வார்கள். சொன்ன பிறகும் விடாமல் மரியாதை போட்டால், தள்ளி நிறுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பக்கம் வந்தால் ஒரு சின்ன விலகல் போகலாம். நாஹெராவிலிருந்து 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கே விலகினால் சான் மியான் தே லா கொகோயா. சூசோ, யூசோ என்று மலைமேல் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மடங்கள். 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு துறவி, லத்தீன் ஏடு ஒன்றின் ஓரத்திலும் வரிகளுக்கு நடுவிலும் கடினமான சொற்களுக்குத் தன் பேச்சுமொழியில் குறிப்பு எழுதி வைத்தார். சில குறிப்புகள் பாஸ்க் மொழியில். ஸ்பானிஷின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். மூல ஏடு மத்ரித்தில் இருக்கிறது, இங்கே படிதான் பார்க்கலாம். என் நோட்டுப்புத்தகமும் அதே லட்சணத்தில் ஓரமெல்லாம் கிறுக்கலாக இருந்ததால் எனக்கு அந்தத் துறவியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சூசோவுக்கு மேலே போக, கீழ் மடத்திலிருந்து சின்ன பஸ். இடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சரி, தலைப்பில் சொன்ன ஆறாவது நிமிடம்.

பூர்கோஸ் வந்து சேர்வதற்குள் அந்த ஐந்து கேள்விகளில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். "உனக்கு ஸ்பானிஷ் எவ்வளவு நன்றாக வருகிறது!" என்று புது ஆட்கள் வியப்பார்கள். ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் அவர் ஏதாவது சொந்தமாகப் பேசத் தொடங்குவார், நான் ஊமை. தலையை ஆட்டிக்கொண்டு "சீ, சீ, கிளாரோ" (ஆமாம், ஆமாம், அதானே) என்று சமாளிப்பேன். கமீனோவின் வரம் எதுவோ அதுவேதான் அதன் பொறியும். ஒரே உரையாடல் தினமும் கிடைப்பதால் அதைத் தாண்டாமலே சாந்தியாகோ போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஒரே ஒரு புதுக் கேள்வியை எடுத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பது. கேள்வி எளிமையாக இருக்க வேண்டும், பதில் நீளமாக வர வேண்டும். பூர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவே 180 கிலோமீட்டர் போல ஒரே மேட்டுநிலம், மெசேத்தா. கோதுமை வயல், நிழலில்லாத நேர்ச்சாலை, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், அதன் மேல் நாரைக் கூடு. சலிப்பு என்று சொல்லிப் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஸ்பானிஷ் பழக வந்தவர்கள் அந்த பஸ்ஸில் ஏறவே கூடாது. ஆங்கிலக் கூட்டம் மெலிந்துபோய், மண்சுவர் வீடுகளும் பேச ஆள் தேடும் கிழவர்களும் மிஞ்சும் இடம் அதுதான். அங்கே நான் கேட்ட கேள்வி, "என் இன்பியெர்னோ, குவாந்தோஸ் பிவீஸ் அகீ?" குளிர்காலத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்?

அந்தப் பக்கச் சிற்றூர்கள் பலவற்றில் கடை கிடையாது. ரொட்டி வேனில் வரும். காலை பத்து பதினொன்றுக்கு வேன் ஹாரன் அடித்தால் கதவுகள் திறந்து, துணிப்பையோடு அம்மாக்கள் தெருவுக்கு வருவார்கள். வேன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே இரண்டு பேராவது திண்ணையில் காத்திருப்பார்கள். அப்படி ஒரு ஊரில் போய் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு அம்மா "இருபது" என்றார். இன்னொருவர் விடவில்லை. இருபது எங்கே இருக்கிறது, மூலை வீட்டுக்காரரை மகள் பலென்சியாவுக்கு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், எதிர்வீட்டுக்காரர் ஆகஸ்டில் திருவிழாவுக்கு மட்டும் வருகிறவர், அவரையும் சேர்ப்பாயா? விரல் விட்டு வீடு வீடாக எண்ணத் தொடங்கினார்கள். பதினேழில் ஒரு தகராறு, பதினைந்தில் இன்னொன்று. என்னை மறந்தே போனார்கள். எனக்காக வேகம் குறைத்துப் பேசாத, எனக்காகச் சொல் மாற்றாத ஸ்பானிஷ் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு என்ன என்று தெரிந்திருந்ததால் பாதிக்கு மேல் புரிந்தது. வேன் வந்தது, ரொட்டி வாங்கினார்கள், கணக்கு முடியவில்லை. கடைசியில் ரொட்டிக்காரரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். எத்தனை ரொட்டி விற்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்.

அந்தக் கேள்விக்கு எந்த ஊரில் கேட்டாலும் பதில் 'முன்னெல்லாம்' என்றுதான் விரியும். முன்னெல்லாம் பள்ளிக்கூடம் இருந்தது, மூன்று மதுக்கடை இருந்தது, அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடுவோம். ஸ்பானிஷில் இப்படி வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்ல மூன்றாவதாக ஒரு கடந்தகாலம் உண்டு. 'அபீயா', 'ஈபாமோஸ்', 'பெனீயான்' என்று முடியும். தமிழில் பழங்கதை பேசும்போது 'வருவார்கள், போவோம், ஆடுவோம்' என்று சொல்கிறோம் இல்லையா, பெரும்பாலும் அந்த இடத்தில் இதைப் போட்டால் பொருந்தும். ஒரு திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இந்த வடிவம் ஐம்பது தடவை காதில் விழும். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அத்தனை தராது.

கூட்டத்தோடு பேசுவதைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. ஒரு ஸ்பெயின்காரர் நல்லது, இரண்டு பேர் பரவாயில்லை, ஐந்து பேர் என்றால் விட்டுவிடுங்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதில் ஒருவர் அந்தலுசியாக்காரராக இருந்து எல்லாச் சகர முடிவையும் விழுங்கிவிடுவார். பெரிய சாப்பாட்டு மேசையில் நடுவில் உட்காராமல் ஓரத்து நாற்காலியைப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரே ஆள்தான் இருப்பார், அவரும் பேச்சில் சேர முடியாமல் தவிப்பார். உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள்.

நாம் ஸ்பானிஷில் கேட்க, அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது இன்னொரு தலைவலி. "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ, செகீமோஸ் என் எஸ்பஞோல்?" படித்துக்கொண்டிருக்கிறேன், ஸ்பானிஷிலேயே தொடரலாமா என்று சிரித்துக்கொண்டு கேட்டால் மறுத்தவர் யாரும் இல்லை. ஆனால் பின்னால் பத்து யாத்ரீகர்கள் காபிக்கு நிற்கும்போது பணியாளரிடம் இதைச் சொல்லாதீர்கள். அவருக்கு வேலை நடக்க வேண்டும், நம் பயிற்சி அவர் தலையெழுத்தல்ல. காபியும் விற்கும் மதுக்கடைக்குக் காலை ஒன்பதரைக்கு மேல், கூட்டம் நகர்ந்த பிறகு போங்கள். மேசையில் உட்காராமல் கல்லாப் பக்கம் நின்று குடியுங்கள். மாலையில் ஐந்திலிருந்து எட்டு வரை உள்ளூர்க்காரர்கள் வந்து போகிற நேரம். ஞாயிறு மதியம் பூசை முடிந்து வெர்முத் குடிக்க வரும் நேரம் இன்னும் நல்லது. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊரே தூங்கும், நீங்களும் தூங்குங்கள்.

திருத்தச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு வாக்கியம் திருத்துவார்கள், அப்புறம் இருவருக்குமே பேச்சு சுவைக்காது. அதைவிட, நாம் சொன்னதை அவர்கள் எப்படித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். நாம் கோணலாகச் சொன்னதை, "ஓ, அப்படியா, உனக்கு இது நடந்ததா?" என்று நேராக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். அதை அப்படியே எடுத்து அடுத்த வாக்கியத்தில் போட்டுவிட வேண்டியதுதான்.

மருந்துக்கடை யாருக்கும் தோன்றாத ஒரு நல்ல வகுப்பறை. பச்சைச் சிலுவை விளக்கு எரியும். உள்ளே இருப்பவர் படித்தவர், அவசரம் இல்லாதவர். அம்போயா என்றால் கொப்புளம். எங்கே, எத்தனை நாளாக, இறக்கத்தில் வலி கூடுகிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறாயா, ஒவ்வாமை உண்டா என்று நிதானமாகக் கேட்பார். உண்மையாகவே கால் வலிப்பதால் பதிலும் உண்மையாக வரும். சைவக்காரர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் பயிற்சிதான். 'இறைச்சி வேண்டாம்' என்றால் பன்றித் தொடைக்கறியும் சூரை மீனும் அதில் சேராது என்று நினைக்கிற சமையல்காரர்கள் உண்டு. "நி கார்னே, நி ஹமோன், நி அத்தூன்" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குங்கள். பருப்புக் குழம்பு என்று நம்பி வாங்குவதற்கு முன் அதில் சொரீசோ என்ற பன்றி இறைச்சி சாசேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள், அநேகமாக இருக்கும்.

ஓ செப்ரெய்ரோ மலையேறி கலீசியாவுக்குள் நுழைந்ததும் பலகைகள் மாறும். கலீசிய மொழி. 'கிராசியாஸ்' (நன்றி) என்பது 'கிராசாஸ்' ஆகும். கற்றதெல்லாம் மறந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உங்களோடு ஸ்பானிஷில்தான் பேசுவார்கள். ஒன்று மட்டும், இன்று காலை நடந்ததையும் நேற்று நடந்ததுபோலவே சொல்வார்கள். நான் மேலே சொன்ன அந்த இரண்டு கடந்தகால வித்தியாசத்தை அங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

சாரியாவில் திடீரென்று ஸ்பெயினே வந்து இறங்கியதுபோல் இருக்கும். கோடையில் பள்ளிப் பிள்ளைகள், தேவாலய இளைஞர் குழுக்கள், பாட்டுப் பெட்டியோடு. தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் இவர்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. ஆனால் பிள்ளைகளோடு பேச முடியாது, வேகமும் கொச்சையும் தாங்காது. குழுவின் வாலில், யாரும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு தனியாக நடந்துவரும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரைப் பிடியுங்கள். பேச்சுத் துணைக்கு ஏங்கிக்கொண்டிருப்பார், தெளிவாகப் பேசுவது அவர் தொழில்.

வீட்டுக்கு வந்த பிறகு பழக்கம் விட்டுப்போகாமல் காப்பாற்றியது குரல் செய்திகள். ஸ்பெயின்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதப் பிடிக்காது, மூன்று நிமிடம் பேசி அனுப்புவார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம், பதிலை இரண்டு தடவை ஒத்திகை பார்த்து அனுப்பலாம். எண் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். மிச்சப் பேர் போதும்.

ஸ்பானிஷ்தான் முதல் நோக்கம் என்றால், முதல் தடவைக்கே பிரெஞ்சுப் பாதையை விட்டுவிட்டு வியா தே லா பிளாத்தா போகலாம். செவியாவில் தொடங்கி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், யாத்ரீகர் குறைவு, ஆங்கிலம் அதைவிடக் குறைவு. ஊர்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், சில நாட்களில் 25, 30 கிலோமீட்டருக்குக் குறைந்து நிறுத்த முடியாது, தண்ணீர் சுமக்க வேண்டும். கோடையில் எஸ்த்ரெமதூரா வெயில் ஆபத்து, அதனால் மார்ச் கடைசியில் கிளம்பிவிடுங்கள். விசா விண்ணப்பத்தில் திரும்பும் தேதியை மட்டும் தாராளமாகப் போடுங்கள். ஸ்பெயினும் பிரான்ஸும் அடங்கிய ஷெங்கன் பொது விசாப் பகுதியில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம், ஆனால் கேட்ட நாட்களைத்தான் கொடுப்பார்கள், அதற்கு மேல் கொடுப்பது அபூர்வம்.